மருந்துக்கு எட்டு மார்க்

நவமணிக்கு உட்கார்ந்து படிக்க வராது. பள்ளிக்கூடத்திலேயே வராதது முப்பது வயதில் மட்டும் வந்துவிடுமா? ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில், துணி தேய்க்கும் மேசைமேல் கேசட் பெட்டியை வைத்துவிட்டு, ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டேதான் பாடம் கேட்பாள். கூட இருந்த தாதி ஒருத்தி, "ஒன் காலுக்குச் சாவி கொடுத்து விட்டிருக்காங்களா?" என்று கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டாள்.

கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மொழிபெயர்ப்பாளர் ஆவதற்கான தபால்வழிப் பயிற்சி அது. பேப்பரில் விளம்பரம் பார்த்துச் சேர்ந்திருந்தாள். கோலாலம்பூரிலிருந்து மாதம் ஒரு கேசட் வரும். முதல் பக்கத்தில் ஓர் ஆண் குரல் தமிழில் வாக்கியங்கள் சொல்லும். இரண்டாம் பக்கத்தில் நவமணி அவற்றை மலாயில் சொல்லிப் பதிவு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். திருத்தமும் மார்க்கும் அதே குரலில் அடுத்த கேசட்டில் வரும். குரலுக்குப் பெயர் கிடையாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னால் இரண்டு தரம் தொண்டையைக் கனைக்கும். அதனால் நவமணி அவருக்குத் தொண்டை வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவள் வேலை தரை துடைப்பது, பெட்பேன் எடுப்பது, படுக்கை விரிப்பது. ஆனால் தோட்டத்திலிருந்து தமிழ் நோயாளி யார் வந்தாலும் உள்ளேயிருந்து ஒரே சத்தம்தான்: "நவமணியக் கூப்பிடு!" துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு ஓடுவாள். பத்து வருஷமாக ஓடுகிறாள். நெஞ்சு கரிக்குது, சூடு பிடிச்சிருக்கு, குடல் ஏறிக்கிச்சு, எதுவாக இருந்தாலும் டாக்டருக்குப் புரிகிற மாதிரி மலாயில் சொல்லிவிட்டு, திரும்ப வந்து துடைப்பத்தை எடுப்பாள். கைக்குச் சம்பளம் உண்டு, வாய்க்குக் கிடையாது. வாய்க்கும் ஒரு காகிதம் வேண்டும், தன் பெயருக்குக் கீழே மொழிபெயர்ப்பாளர் என்று அச்சடித்த ஒரு காகிதம். அந்த ஆசைதான் அவளை நடக்க வைத்தது.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆறாவது பாடத்தின் திருத்தம் வந்தது.

"க்ம், க்ம். நவமணி, பன்னிரண்டாம் வாக்கியம். 'அவள் மருந்து குடித்துவிட்டாள்.' நீங்கள் ராச்சுன் என்று சொல்லியிருக்கிறீர்கள். ராச்சுன் என்றால் விஷம். மருந்துக்கு மலாயில் ஊபாட். பேசியவர் சொன்னதைச் சொல்வதுதான் உங்கள் வேலை, அவர் மனதில் நினைத்ததைச் சொல்வதல்ல. கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். எட்டு மார்க் வெட்டு."

நவமணி நின்றுவிட்டாள். அவள் நிற்பது அபூர்வம்.

"யோவ், தோட்டத்துல கால வச்சிருக்கியாய்யா நீ?" என்று கேசட் பெட்டியைக் கேட்டாள்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள் அவள். அவள் அம்மா இருபது வருஷம் மருந்து அடிக்கிற வேலை பார்த்தவள். முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தடியில் புல்லுக்கு அடிப்பார்களே, அந்த மருந்து. காய்ச்சலுக்குச் சாப்பிடுவதைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் மருந்து குடித்தேன் என்று சொல்லமாட்டார்கள். அது மாத்திரை, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரித் தண்ணி. 'மருந்து குடிச்சிட்டா' என்று யாராவது வாசலில் வந்து சொன்னால், லயமே தலைதெறிக்க ஓடும். இதற்கு எட்டு மார்க் வெட்டா? அன்று முழுவதும் பெட்பேன் எடுக்கும்போதும் படி இறங்கும்போதும் அவள் வாய் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே இருந்தது.

ஒன்பதாம் நாள் பகல், செமோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு லாரி வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரி தாங்கிப் பிடிக்க, மாரியம்மா என்ற இருபத்துநான்கு வயதுப் பெண் இறங்கினாள். காலையில் பெரட்டில், ஆளெடுக்கும் நேரத்தில், அத்தனை பேர் முன்னாலும் புருஷன் மாயாண்டி அவளைக் கன்னத்தில் அறைந்திருக்கிறான். வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை இருந்தது. வாந்தியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தன் காலாலேயே நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

டாக்டர் ஃபோங் பேனாவைத் திறந்தபடியே மலாயில் கேட்டார். "என்னவாம்?"

"மருந்து குடிச்சிட்டேன்க்கா," என்றாள் மாரியம்மா, நவமணியின் முகத்தைப் பார்க்காமல்.

நவமணி வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. க்ம், க்ம் என்று காதுக்குள் கேட்டது. ஊபாட், ஊபாட், எட்டு மார்க். டாக்டர் வாந்திக்கு ஏதோ எழுத ஆரம்பித்துவிட்டார். மூச்சு ஒன்று போய் வரும் நேரம்தான் அவள் தயங்கியது. ஆனால் அந்தத் தயக்கத்துக்காகப் பின்னால் பல நாள் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது அவளுக்கு.

"ராச்சுன், டாக்டர்! புல்லுக்கு அடிக்கிற ராச்சுன்!"

பேனா தரையில் விழுந்தது. குழாயைக் கொண்டு வா, வாளியைக் கொண்டு வா என்று டாக்டர் கத்தினார். ஒரு வாய்தான் குடித்திருந்தாள், அதிலும் பாதியைத் துப்பியிருந்தாள். மூன்று வாரம் அதே கட்டிலில் கிடந்து பிழைத்தாள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் நவமணியிடம் சொல்லவில்லை, தோளில் தட்டிவிட்டுப் போனார். தொண்டை வாத்தியாரே, இப்போ வெட்டு பார்ப்போம் என்று நவமணி மனசுக்குள் சவால் விட்டாள்.

சந்தோஷம் நான்கு நாள்கூட நிற்கவில்லை. விஷம் என்று நோயாளிக் காகிதத்தில் எழுதிவிட்டால் ஆஸ்பத்திரி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். தற்கொலைக்கு முயல்வது குற்றம். கார்ப்பரல் ஒருவர் வந்து காகிதத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். மாரியம்மா மேல் கேஸ் ஆனது.

"உள்ள போட்டுருவாங்களாக்கா?" என்று அவள் நவமணியின் கையைப் பிடித்தாள். "எம்புள்ள அவங்கிட்டயா இருக்கும்? பெரட்டுல அத்தன பேரு பாக்க அடிச்சவன், வீட்டுக்குள்ள யாரு பாக்கப் போறா?"

உயிரைக் காப்பாற்றியதும் நவமணி சொன்ன ஒரு சொல், கேஸில் மாட்டிவிட்டதும் அதே சொல். அந்த மாதம் பாடமே கேட்கவில்லை, வெறுமனே நடந்தாள்.

ஐந்து மாதம் கழித்து கேஸ் வந்தது. அதற்குள் டாக்டர் ஃபோங் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். மாரியம்மா குடித்த புட்டியை யாரோ அன்றே ஆற்றில் எறிந்துவிட்டிருந்தார்கள். வயிற்றிலிருந்து எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பி வைக்க யாருக்கும் தோன்றவில்லை, அன்று எல்லாரும் உயிரைத்தான் பார்த்தார்கள். மிஞ்சியது டாக்டர் எழுதிய ஒரு வரி: விஷம் குடித்ததாக, ஊழியர் நவமணி மூலம் நோயாளி சொன்னார். அதனால் நவமணிக்கும் சம்மன் வந்தது.

கோர்ட்டில் சாட்சிகள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். மாரியம்மா கூண்டில் நின்றாள். கோர்ட் மொழிபெயர்ப்பாளர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, எண்ணெய் தேய்த்து வாரிய நரைமுடி. பெயர் கார்த்திகேசு, கோலாலம்பூரிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று யாரோ சொன்னார்கள். அவர் வாயைத் திறக்கும் முன் தொண்டையைக் கனைத்தார்.

க்ம், க்ம்.

நவமணியின் முழங்கால் நின்றுவிட்டது.

"மாரியம்மா, உம்மேல் சாட்டப்பட்ட குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?" அதே குரல். கேசட்டில் போலவே ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, இஸ்திரி போட்ட மாதிரி வந்தது.

"ஆமாங்கய்யா, நான் மருந்து குடிச்சது நெசந்தான்," என்றாள் மாரியம்மா.

கார்த்திகேசு மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினார். கொஞ்சமும் தயங்கவில்லை. "துவான், தான் ஊபாட் குடித்தது உண்மை என்கிறார்."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். "மருந்து குடித்தாளா? மருந்து குடிப்பது எந்தச் சட்டத்தில் குற்றம்?" போலீஸ் தரப்பு அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். புரட்டிவிட்டு, சாட்சியைக் கூப்பிட்டார்.

நவமணி சாட்சிக் கூண்டேறினாள், சத்தியம் செய்தாள். மாஜிஸ்திரேட் மலாயிலேயே கேட்டார்.

"அன்றைக்கு இந்தப் பெண் என்ன சொன்னாள்? அவள் வாயிலிருந்து வந்த சொல் எது?"

"மருந்து, துவான்."

"அந்தத் தமிழ்ச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

கார்த்திகேசு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நவமணி என்று பெயர் கேட்டதுமே அடையாளம் கண்டுவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இந்த நிமிஷத்துக்காகத்தானே அவள் இத்தனை நாள் அறைக்குள் நடந்தாள்? துவான், இந்த ஐயாவுக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியாது, என் எட்டு மார்க்கை இங்கேயே வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லிவிடலாம். நாக்கு துடித்தது. எதிர்க் கூண்டில் மாரியம்மா ஒன்றும் புரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஊபாட், துவான்," என்றாள் நவமணி.

"அப்படியானால் டாக்டரிடம் ஏன் ராச்சுன் என்று சொன்னாய்?"

"அப்போது என் படிப்பு முடியவில்லை, துவான். தப்பாக மொழிபெயர்த்துவிட்டேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அரைகுறைப் படிப்போடு ஒரு பெண்ணைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தாயே என்று மாஜிஸ்திரேட் திட்டினார். நவமணி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அவமானத்தில் காது எரிந்தது. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னோமே என்ற பயம் வேறு. கேஸ் தள்ளுபடியானது.

வராந்தாவில் மாரியம்மா ஓடி வந்தாள். "அக்கா, என்னா ஆச்சு? எனக்கு ஒரு மண்ணும் வெளங்கல."

"ஒண்ணுமில்லலா. வீட்டுக்குப் போலாம், வா."

"நீங்க என்னா சொன்னீங்க? எல்லாரும் சிரிச்சாங்களே?"

"நான் தப்பா சொல்லிட்டேன்னு சொன்னேன்."

"அய்யய்யோ, நீங்க எங்கக்கா தப்பா சொன்னீங்க?" என்று மாரியம்மா வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள். "நான் மருந்துதானே குடிச்சேன்!"

நவமணி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். திரும்பினால், கார்த்திகேசு நிற்கிறார். போச்சு என்று நினைத்தாள்.

கார்த்திகேசு புன்னகைத்தார். கோர்ட் தமிழ் போய், யாழ்ப்பாணத்துப் பேச்சு வந்தது. "அதைத்தானே பிள்ளை நானும் சொன்னனான்? மருந்து, ஊபாட். இப்ப விளங்கிச்சுதோ?"

நவமணி அவரையே பார்த்தாள். அவர் விளையாடவில்லை. அந்த மனிதருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"வெளங்கிச்சுங்க சார்," என்றாள்.

பஸ்ஸில் மாரியம்மா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நவமணிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அந்தக் கேசட் எத்தனை ஊருக்குப் போகிறதோ. பீடோரிலோ வேறெங்கேயோ ஒருத்தி அதைக் கேட்டு, கட்டிலருகில் நின்று ஊபாட் என்று சொல்லப்போகிறாள். டாக்டரும் வாந்திக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். சரி, தொண்டை வாத்தியாரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், நாளைக்கு இன்னொரு மாரியம்மா கூண்டில் நிற்கும்போது அவர் ராச்சுன் என்று ஒழுங்காக மொழிபெயர்ப்பாரே. சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம். செமோர் வந்தும் தெரியாமல் உட்கார்ந்திருந்தவள், கண்டக்டர் கத்திய பிறகுதான் மாரியம்மாவை எழுப்பினாள்.

மறுமாதம் கடைசித் தேர்வுக் கேசட் வந்தது. இருபது வாக்கியங்கள். பதினேழாவதாக அதே குரல், அதே வாக்கியம்: அவள் மருந்து குடித்துவிட்டாள்.

பதினாறையும் நடந்துகொண்டே சொல்லி முடித்தவள், மேசையருகில் வந்து நின்றாள். ஊபாட் என்று பதிவு செய்தாள், அழித்தாள். ராச்சுன் என்று பதிவு செய்தாள், அதையும் அழித்தாள். வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். மறுபடி பொத்தானை அழுத்தி, மலாயை விட்டுவிட்டு, தன் தமிழிலேயே கேட்டாள்.

"எங்க இருந்து சொல்றா சார்? கட்டில்ல இருந்தா, கூண்டுல இருந்தா?"

மீதி மூன்றையும் சொல்லி முடித்து, கேசட்டைத் துணியில் சுற்றிக் கட்டி, எத்தனை மார்க் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும் என்று தபாலாபீசுக்கு நடந்தாள்.