எல்லா இடத்திலும் ஒரே நம்பர்

தங்கச்சி வீட்டுச் சாப்பாடு என்றால் மீரானுக்கு உயிர். ஆனால் அன்று அவர் பழவேற்காட்டுக்கு வந்தது சாப்பிட அல்ல. சென்னையில் ஒரு துப்பாக்கிக் கடையில் பழைய ஆயுதங்களைச் சோதித்துச் சான்று எழுதுவது அவர் வேலை. தங்கை மர்யத்தின் வீட்டுக்காரர் ஆதிலிடம், அவன் அப்பாவைப் பெற்ற தாதா காலத்து ரிவால்வர் ஒன்று இருந்தது. லைசென்ஸ் ஆதில் பெயரில். தேர்தல் வந்தால் போதும், ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், திரும்ப வாங்க நாயாய் அலைய வேண்டும். சலித்துப்போய்க் கடைக்கே கொடுத்துவிட முடிவு செய்திருந்தார்கள். கடை எடுக்க வேண்டுமானால், மேல்பூச்சும் பாகங்களும் ஆதியில் இருந்தவைதான் என்று மீரான் எழுதித் தர வேண்டும்.

மர்யம் துணியைப் பிரித்தாள். ரிவால்வர் புதுச் செருப்பு மாதிரி கருகருவென்று மின்னியது.

"எப்பிடி கீதுண்ணே?"

மீரான் அதைக் கையில் வாங்கினார். குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விளிம்புகள் குளித்துத் தேய்ந்த சோப்புக்கட்டி போல மழுங்கியிருந்தன. கம்பெனி முத்திரை பாதி கரைந்திருந்தது. திருகாணிகளைச் சுற்றி லேசாகக் குழி விழுந்திருந்தது. யாரோ சக்கரத்தில் வைத்துத் தேய்த்து, மேலே புதுக் கருப்பு ஏற்றியிருக்கிறார்கள்.

"பழசு போச்சே மர்யம். துருவோட இருந்தாக்கூட மதிப்பா இருந்திருக்கும்."

"துருவுக்கு மதிப்பா? நல்லா கீதே கதை!" என்று சிரித்தாள். "உப்புக்காத்துல பாக்கவே சகிக்கல. நீ வரேன்னு சொன்னியா, லைட்ஹவுஸ் குப்பத்துல போட் எஞ்சின் பாக்குறாரே பெரியசாமி, அவராண்ட குடுத்தேன். இவருக்குக்கூட சொல்லல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆதில் நிமிர்ந்து பார்த்தான்.

மதிப்பு போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் லைசென்ஸில் பதிந்திருக்கும் துப்பாக்கி நம்பர்? முத்திரையே மங்கிக் கிடக்கும் இரும்பில் நம்பர் மட்டும் கோணலாக, கூர்மையாக, நேற்றுக் குத்தியது போல நின்றது.

"இந்த நம்பரை யார் குத்துனது?"

"அவருதான். தேய்க்கறப்போ அழிஞ்சிப்போச்சாம். நான்தான் லைசென்ஸைப் பாத்துச் சொன்னேன். அதே நம்பர்தாண்ணே, ஒண்ணும் மாத்தல."

குப்பத்தில் எஞ்சினைக் கழற்றினால் ஒவ்வொரு பாகத்திலும் படகின் நம்பரைக் குத்திவிடுவார்கள். இன்னொரு எஞ்சினின் பாகம் மாறி வந்துவிடக் கூடாதல்லவா? மங்கினால் மறுபடியும் குத்துவதுதான் அங்கே நாணயமான வேலை. சட்டத்துக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது? துப்பாக்கியின் நம்பரை அழித்தால் ஜெயில். வைத்திருப்பவன்தான் அழித்தான் என்றே எடுத்துக்கொள்வார்கள். திருட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் நம்பரைக் குத்தியிருக்கிறான் என்று எவனாவது கிளப்பிவிட்டால் ஆதில் கதி அவ்வளவுதான்.

ஒரே ஒரு வழி இருந்தது. வேறு பாகம் எதிலாவது பழைய நம்பர் தப்பியிருந்தால், இது அதே ரிவால்வர்தான் என்று மீரான் அடித்துச் சொல்லலாம். படபடப்போடு சிலிண்டரைப் பார்த்தார். குழலின் அடியைப் பார்த்தார். கைப்பிடிக் கட்டையைக் கழற்றி உள்ளே பார்த்தார். எல்லா இடத்திலும் பெரியசாமி வழித்துத் தேய்த்து, பொறுப்பாக மறுபடி குத்தியிருந்தான்.

"பாத்தியா, ஒரு எடம் விடல அவரு," என்றாள் மர்யம், இன்னும் பெருமை குறையாமல்.

மீரான் விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் முகம் செத்துப்போனது.

"ஏரியில போட்டுடலாமாண்ணே?"

"காணோம்னாலும் கேஸ்தான்."

ஆதில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "மச்சான், இது எங்க தாதாவோடதுதான்னு மட்டும் எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா எவன் கேப்பான்?"

"எதை வெச்சு எழுதட்டும் மச்சான்? பழைய நம்பர் ஒண்ணுகூட இல்லியே."

"என்னைத் தெரியாதா உனக்கு?" மர்யத்தின் குரல் உடைந்தது. "நான் பொய் சொல்றவளா?"

"உன்னைத் தெரியும்மா. இந்தத் துப்பாக்கியத்தான் தெரியல."

சொன்ன வாய் அவருக்கே கசந்தது. யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்பே ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிடுவதுதான் நல்லது என்றார். பெரியசாமியையும் அழைத்துக்கொள்ளலாம், தானும் கூட வருவதாகச் சொன்னார். அங்கே என்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். நம்பர் புதிதாகக் குத்தியதா என்பார்கள். ஆமாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறவர் அவர்தான்.

ஆதில் சட்டையை மாட்டிக்கொண்டான். மர்யம் ரிவால்வரைத் துணியில் சுற்றி அண்ணனிடம் நீட்டினாள்.

"கூட வா. ஆனா அங்க வந்து என் அண்ணன்னு சொல்லிக்காத."