மூன்று அங்குலம் தாழ்ந்த பியட்

அந்தக் கரும்பச்சை பியட் கார் அருள்நாதனின் பட்டறைக்கு ஆறாவது தடவையாக வந்துகொண்டிருந்தது. மன்னார்புரம் முக்கில் திரும்பும்போதே அவருக்கு அதன் சத்தம் தெரிந்துவிட்டது. கையிலிருந்த ஸ்பானரைத் தகரப் பெட்டிக்குள் வீசிவிட்டு, "வந்துட்டாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வந்தவர் ரத்தினவேல். லால்குடிக்காரர். காந்தி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் விதைக்கடை வைத்திருந்தார். தினமும் காலையில் காரில் கிளம்பி, வழியில் ஸ்ரீரங்கத்தில் மனைவி சந்திரம்மாளை அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்கு வருவார். சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவார். மூன்று வருஷமாக அந்த வண்டி அவர்களை ஒருநாள்கூட நடுவழியில் நிறுத்தியதில்லை. அறுபத்துமூன்றாம் வருஷம் அவர் மெட்ராஸுக்குப் போய், சோழவரத்தில் கார் ரேஸ் பார்த்துவிட்டு வந்தார். அப்போதுதான் தொல்லை பிடித்தது.

"மேஸ்திரி, அங்க ஒவ்வொரு வண்டியும் தரையோட தரையா ஒட்டிக்கிட்டுப் போவுது. நம்ம வண்டியைப் பாருங்க, குதிருக்குச் சக்கரம் வச்ச மாதிரி நிக்குது. மூணு இஞ்ச் இறக்கிடுங்க."

"சார், அது ரேஸுக்குன்னே போட்ட ரோடு. நீங்க போறது லால்குடி ரோடு."

"இறக்குங்க, ஒண்ணும் ஆவாது. ஆனா உள்ள உக்காந்தா மெத்துன்னு இருக்கணும்."

அருள்நாதன் பொறுமையாகவே சொல்லிப் பார்த்தார். "ஸ்பிரிங்குன்னா மேலயும் கீழயும் போய் வர இடம் வேணுங்க. அந்த இடத்தையும் எடுத்துடணும், மெத்துன்னும் இருக்கணும்னா எப்படி சார்?"

"நீங்க கெட்டிக்காரர். ஏதாவது பண்ணுவீங்க."

இந்தப் புகழ்ச்சியில்தான் அவர் விழுந்தார். பின்பக்கத்து ஸ்பிரிங் கட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு இரும்புப் பட்டைகளை உருவினார். முன்பக்கத்துச் சுருளில் ஒரு சுற்றை வெட்டினார். வண்டி தாழ்ந்தது. ரத்தினவேல் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கொஞ்ச தூரம் தள்ளி நின்றும் பார்த்தார்.

நாலாம் நாள் சைலன்ஸரைக் கயிற்றால் கட்டி ஓட்டிக்கொண்டு வந்தார். வாளாடிப் பக்கத்து ரயில்வே கேட்டில் தண்டவாளம் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டது.

"இவ்வளவு தொளதொளன்னு விட்டா எப்படி மேஸ்திரி?"

பட்டைகளைத் திரும்பப் போட்டு, உயரம் ஏறாமலிருக்க அவற்றைக் கொல்லுலையில் தட்டித் தட்டையாக்கினார் அருள்நாதன். இப்போது அடி அவ்வளவாகத் தட்டவில்லை. ஆனால் கொள்ளிடம் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பும் முதுகெலும்பில் வந்து இடித்தது. அதற்கும் ரத்தினவேல் வந்தார். ஷாக் அப்சார்பரை மாற்றச் சொன்னார், மாற்றியதும் பழையதே தேவலை என்றார். நடுவில் தன் யோசனையாகப் பின்சீட்டில் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைத் தைத்துப் போட்டார். அதில் உட்கார்ந்தவர் தலை கூரையில் முட்டியது. அதையும் கழற்ற அருள்நாதனிடம்தான் வந்தார்.

ஐந்தாவது தடவை வந்துபோன மறுநாள் சனிக்கிழமை. சந்திரம்மாள் பஸ்ஸில் வந்து பட்டறை வாசலில் நின்றாள். கையில் ஒரு கட்டு நோட்டுப் புத்தகம்.

"வாங்க டீச்சரம்மா. வண்டி எங்கங்க?"

"வண்டி அவரோட இருக்கு. நான் பத்து நாளா பஸ்ஸுலதான் போறேன்." அவள் ஒரு நோட்டைப் பிரித்துக் காட்டினாள். சிவப்பு மையில் போட்ட சரிக்குறி ஒன்று விடையில் தொடங்கி, பக்கத்தைக் குறுக்கே தாண்டி, எதிர்ப்பக்கத்தில் போய் முடிந்திருந்தது. "முன்னாடி கார்ப் பின்சீட்டுல உக்காந்து திருத்தினது. ஒரு பொண்ணு எழுந்திரிச்சு, 'டீச்சர், இது சரியா, அடிச்சிட்டீங்களா?'ன்னு கேக்குது. வகுப்பே சிரிக்குது."

அருள்நாதனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"நேத்து ரயில்வே கேட்டுல அவர் அடி தட்டாம இருக்க வண்டியைக் குறுக்கால விட்டு, நத்தை மாதிரி ஏத்திக்கிட்டு இருக்கார். எங்க பஸ் ஆரனை அடிச்சுக்கிட்டு அவரைத் தாண்டிப் போவுது. பஸ்ஸுல இருந்தவங்க எல்லாம், 'அதோ உங்க வீட்டுக்காரர்'னு காட்டறாங்க. எனக்கு எங்க மூஞ்சியை வச்சுக்கறதுன்னு தெரியலை."

"நான் என்னங்க பண்றது? சொன்னா கேக்க மாட்டேங்கறாரு."

"சொன்னீங்களா? முடியாதுன்னு சொன்னீங்களா?" அவள் குரல் உயர்ந்தது. "வண்டியைப் பத்தித் தெரிஞ்சவர் நீங்க. அவருக்கு ஆசைதான் தெரியும். வெட்டினது உங்க கை தானே?"

அருள்நாதன் எண்ணெய்த் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே நின்றார். கெட்டிக்காரர் என்ற ஒரு சொல்லுக்காகத் தெரிந்தே செய்த வேலை.

போகும்போது அவள் சொன்னாள்: "அந்த வண்டியோட பின்சீட்டுல அவர் ஒருநாள்கூட உக்காந்தது கிடையாதுங்க."

இதெல்லாம் நடந்த பிறகுதான் இந்த ஆறாவது வருகை. ரத்தினவேல் இறங்கினார். "மேஸ்திரி, பின்னாடி என்னமோ லொடலொடங்குது. அதோட இன்னொரு அரை இஞ்ச் இறங்கும்னு தோணுது."

அருள்நாதன் கையை நீட்டினார். "சாவியைக் கொடுங்க."

"எதுக்கு?"

"சத்தம் எங்க வருதுன்னு பாக்கணும். லால்குடி வரைக்கும் நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி உக்காந்து காதை வச்சுக் கேளுங்க."

ரத்தினவேல் சந்தோஷமாகவே ஏறி உட்கார்ந்தார். சிந்தாமணி தாண்டும்வரை வழியில் தெரிந்தவர்களுக்குக் கையை ஆட்டினார். காவிரிப் பாலத்தில் பேச்சு குறைந்தது. ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது இரண்டு கையாலும் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"மேஸ்திரி, கொஞ்சம் மெதுவா."

"உங்க வேகத்துலதான் போறேன் சார். அதுவும் குறைச்சல்."

டோல்கேட்டில் கிழக்கே திரும்பியதும் ரோடு மோசமானது. மாட்டு வண்டித் தடங்களில் கார் குதித்தது. ரயில்வே கேட் வந்தது. அருள்நாதன் வேகத்தைக் குறைத்தார். ஆனால் வண்டியைக் குறுக்கே ஒடிக்கவில்லை. நேராக ஏற்றினார். அடியில் ஏதோ கரகரத்தது. பின்சீட்டிலிருந்து 'ணங்'கென்று ஒரு சத்தமும் "அய்யோ" என்று ஒரு குரலும் சேர்ந்து வந்தன.

கேட்டைத் தாண்டிப் புளியமரத்தடியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். ரத்தினவேல் உச்சந்தலையைத் தடவிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கியது.

"சத்தம் எங்கேர்ந்துன்னு தெரிஞ்சுதுங்களா சார்?"

ரத்தினவேல் கண்ணாடியைச் சரியாக மாட்டிக்கொண்டார். பிறகு, "அவ ஒரு மாசம் இதுலயா வந்தா?" என்றார்.

"ஒரு மாசம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லியிருப்பாங்க. ரோட்டைப் பாத்துக்கிட்டு ஓட்டறப்ப காதுல விழுந்திருக்காது." இதைச் சொன்னதும் அருள்நாதனுக்கே சங்கடமாகிவிட்டது. "தப்பு என்கிட்டயும் இருக்குங்க. முதல் நாளே முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லாம வெட்டிட்டேன்."

திரும்பும்போது ரத்தினவேல் முன்சீட்டுக்கு மாறிக்கொண்டார். பாலத்தின் நடுவில், தொண்டையைக் கனைத்துவிட்டுக் கேட்டார்: "ஒரு இஞ்சாவது?"

அருள்நாதன் ஸ்டீயரிங்கில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "சார்!"

"இல்லை, சும்மா கேட்டேன்."

ஆனால் அந்த ஒரு அங்குலத்தை அருள்நாதன் கொடுத்துவிட்டார். முன்பக்கத்துக்குப் புதுச் சுருள் வரவழைத்துப் போட்டார். பின்பக்கத்துக்கு முழுப் பட்டைகளோடு புதுக் கட்டு. ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் ஓர் அங்குல இரும்புக் கட்டையை வைத்து இறுக்கினார். பின்பாகம் அந்த அளவுக்கு மட்டும் தாழ்ந்தது. பார்ப்பவர் யாருக்கும் தெரியாது. ரத்தினவேலுக்கு மட்டும் தெரிந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை சந்திரம்மாள் காரில் வர ஒப்புக்கொண்டாள். பின்சீட்டில் ஏறவில்லை. தெருவே பார்க்க முன்கதவைத் திறந்து கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரத்தினவேலின் வீட்டில் பெண்கள் அப்படி உட்கார்ந்து பழக்கமில்லை. அவர் வண்டியைக் கிளப்பினார்.

அன்று சாயங்காலம் இருவரும் பட்டறைக்கு வந்தார்கள்.

"எப்படிங்க இருந்துச்சு டீச்சரம்மா?" என்று கேட்டார் அருள்நாதன்.

"பரவாயில்லைங்க. சாயங்காலம் இதுல வரேன். காலையில பஸ்ஸுதான்."

"ஏன்?" என்று இரண்டு ஆண்களும் ஒரே சமயத்தில் கேட்டார்கள்.

"பஸ் காமணி நேரம் முன்னாடியே கொண்டுபோய் விடுது. இத்தனை நாளா பிரேயருக்கு முன்னாலயே போய் நிக்கறேன். அதை எதுக்கு விடணும்?"

ரத்தினவேல் வாயைத் திறந்தார். "அப்ப இன்ஜினைக் கொஞ்சம் பாத்தீங்கன்னா மேஸ்திரி, வேகம்…"

"போயிட்டு வாங்க சார்" என்று சொல்லிவிட்டு அருள்நாதன் பட்டறைக் கதவைச் சாத்தத் தொடங்கினார்.