பன்னிரண்டு பேர் எழுதிய இரண்டு வரி

மெல்பர்ன் புறநகரான டாண்டினாங்கில், நூலகத்தின் பின்னறையில் வியாழன்தோறும் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த பன்னிரண்டு பஷ்தூன் பெண்கள் கூடிக் கவிதை சொன்னார்கள். எல்லாம் இரண்டே வரி. அதற்குமேல் நீண்டால் தேநீர் ஆறிவிடும். கவிதைக்குச் சொந்தக்காரி கிடையாது. ‘நான் கட்டினேன்’ என்பவள் மானம் கெட்டவள். ‘கிணற்றடியில் கேட்டேன்’ என்று சொல்லித்தான் எவளும் ஆரம்பிப்பாள். டாண்டினாங்கில் கிணறே இல்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

வ்ரேஷ்மினுக்கு மட்டும் அலுத்துவிட்டது. பெஷாவர் அகதி முகாம் முதல் மெல்பர்ன் வரை, முப்பது வருடமாக அவள் கட்டிய வரிகளையே அவளிடம் வந்து, புதுசு என்று பாடிக் காட்டினார்கள். சாவதற்குள் ஒன்றின் கீழாவது தன் பெயர் அச்சில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

நூலகர் ஹெதர் புத்தகம் போட முன்வந்தாள். நல்ல பெண். ஆப்கன் பெண்கள் எதைச் சொன்னாலும் கண் கலங்குவாள். கத்தரிக்காய் வதக்கும் விதத்தைச் சொன்னபோதும் கலங்கினாள். அவளுக்கு மிகவும் பிடித்தது இது:

பீரங்கிக்கு நெஞ்சு காட்டிய என் சிங்கமே,
பாத்திரம் கழுவச் சொன்னால் மட்டும் பழைய காயம் வலிக்கிறதே.

இது பரவிய வாரம் டாண்டினாங்கில் ஏழு வீடுகளில் ஆண்கள் பாத்திரம் கழுவியதாகக் கேள்வி. வ்ரேஷ்மினின் கணவர் ஜமராக் கான் கழுவவில்லை. போரில் தனியாளாக அவர் மறித்த டாங்கிகள், ஆஸ்திரேலியக் குடியுரிமை கிடைப்பதற்குள் நாற்பதாக வளர்ந்திருந்தன. அப்பேர்ப்பட்டவரைப் பற்றி யார் அப்படிப் பாடுவார்கள்? பள்ளிவாசல் வாசலில் நின்று மற்றவர்களுக்காக இரக்கப்பட்டார்.

புத்தகத்தில் எழுதியவர் பெயராக ‘கிணறு’ என்று போட முடியாது என்று ஹெதர் சொல்லிவிட்டாள். வெளியீட்டு விழாவுக்கான ஒத்திகைக் கூட்டத்தில், எல்லார் வீட்டு ஆண்களும் உட்கார்ந்திருக்க, பாத்திரக் கவிதையை எழுதியவர் தயவுசெய்து எழுந்து நிற்கட்டும் என்று கேட்டாள்.

வ்ரேஷ்மின் எழுந்தாள். அடுத்த கணம் பக்கத்திலிருந்த தோர்பெகையும் எழுந்தாள். பிறகு பன்னிரண்டு பேரும். ஒருத்தியை மட்டும் அவமானத்தில் மாட்டவிட அவர்களுக்கு மனமில்லை.

“பயப்படாதக்கா, நாங்க இருக்கோம்ல” என்றாள் தோர்பெகை.

“உக்காருங்கடி, நாசமாப் போறவளுகளா” என்றாள் வ்ரேஷ்மின், உதடு அசையாமல்.

ஹெதர் கண்ணீரோடு பன்னிரண்டு பெயர்களையும் எழுதிக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது ஜமராக் காரை ஓட்டியபடி, “அந்தக் கையாலாகாதவன் பொண்டாட்டிக்காக நீயும் எழுந்து நின்ன பாரு, பெரிய மனசு உனக்கு” என்றார்.

“அது நான் கட்டினது.”

“யாரைப் பத்தி?”

“நம்ம வீட்டுல எத்தனை சிங்கம் இருக்கு?”

மூன்று சிக்னல்களைக் கார் தாண்டியது. வ்ரேஷ்மின் எதற்கும் தயாராக ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பெயரும் போயிற்று, இனி வீட்டில் நிம்மதியும் போயிற்று. நான்காவது சிக்னலில் அவர் கேட்டார்: “அப்போ மத்த பதினோரு பேரும் என்னையத்தான் ‘என் சிங்கமே’ன்னு கூப்பிட்டதா அச்சாகுமா?”

“ஆகும்.”

மறுநாள் நூலகம் திறக்கும் முன்பே அவர் வாசலில் நின்றார். ஊரார் மனைவிகள் தன்னை அப்படி அழைப்பது தன் குடும்ப மானத்துக்கே கேடு என்று ஹெதரிடம் முறையிட்டார். பதினோரு பெயர்களும் அடிக்கப்பட்டன. மிஞ்சிய ஒன்றைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொன்னார். அது எந்த வீட்டுச் சிங்கம் என்பது தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம்.