கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்கள்

1

இந்தக் கதையை எழுத நான் ஆசைப்படவில்லை; எழுதச் சொன்னார்கள். சென்னையில் ஒரு வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியர் கடிதம் போட்டிருந்தார். கோடை மலருக்கு ஒரு கதை வேண்டுமாம். ஒரு குடும்பம் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போக வேண்டும், இரண்டு இடத்தில் சிரிப்பு வர வேண்டும், அழுகை கூடாது, கடைசியில் கடலில் சூரியன் மறைய வேண்டும். (மெட்ராசில் சூரியன் கடலில் மறையாது ஐயா, அது கிழக்குக் கடல். பத்திரிகை ஆபீசில் இருப்பவர்கள் சாயங்காலம் வெளியே வருவதில்லை போலிருக்கிறது.)

நான் காரைக்குடியில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவன். எங்களுக்கும் கடல் தூரமில்லை. தொண்டிக்குக் காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் பார்த்துவிடலாம். ஆனால் எங்கள் ஊரார் அங்கே வேடிக்கை பார்க்கப் போய் நான் கண்டதில்லை. கப்பல் ஏறப் போவார்கள், அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போவார்கள். வேடிக்கை என்றால் ராத்திரி ரயிலேறி மெட்ராசுக்குத்தான் போக வேண்டும். அங்கே இருந்தால்தான் அதற்குப் பெயர் பீச்.

கதை என் வீட்டுக்காரி முத்தழகு கொண்டுவந்தது. எங்கள் மாட்டுப் பாலை அவள்தான் வீடுவீடாக ஊற்றுகிறாள். அதில் ஒரு வீடு நாச்சியம்மை ஆச்சியுடையது. போன கோடையில் மெட்ராஸ் கடற்கரையில் நடந்ததை அந்த ஆச்சி இவளிடம் சொல்ல, இவள் என்னிடம் சொன்னாள். நான் பத்திரிகைக்கு விற்கிறேன். பாலைவிட இது லாபம்.

2

தொடக்கம், முதல் தடவை: ‘நீலக்கடல் அலைக்கரம் நீட்டி அழைக்க, நாச்சியம்மையின் கயல்விழிகள்

அடச்சீ. நாச்சியம்மைக்கு எல்லோருக்கும் போலத்தான் கண். அன்றைக்கு அதுவும் வீங்கியிருந்தது, ரயிலில் விடிய விடிய அழுததால்.

இரண்டாம் தடவை: ‘1969 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வயிரவன் செட்டியாரின் அம்பாசிடர் எலியட்ஸ் பீச்சில் வந்து நின்றது.’

இது இருக்கட்டும். போலீஸ் ரிப்போர்ட் மாதிரி இருந்தாலும் பொய் இல்லை.

காரில் வந்தவர்கள்: அடையாற்றில் பெரிய வீடும் கம்பெனியும் உள்ள வயிரவன், அவர் மனைவி தேனம்மை. இவர்களுக்குப் பிள்ளை இல்லை. பின்சீட்டில், காரைக்குடியிலிருந்து அன்று காலை ரயிலில் வந்து இறங்கியவர்கள். வயிரவனின் பங்காளி சாத்தப்பன், வயிரவன் கம்பெனியிலேயே சம்பளம் வாங்குகிறவர். அவர் மனைவி நாச்சியம்மை. மகன்கள் இரண்டு பேர்: ஒன்பது வயதுச் சொக்கு, ஐந்து வயது நாகப்பன்.

விஷயம் இதுதான். செட்டியார் வீடுகளில் வாரிசு இல்லாவிட்டால் ஒரே கோவில் பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைப் பிள்ளை கூட்டிக்கொள்வார்கள். தலைப்பிள்ளையைக் கொடுப்பதில்லை. ஆகவே நாகப்பன். வைகாசியில் நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் பையன் பழக வேண்டும் என்றுதான் பீச். நொய்யைத் தூவிக் கோழியைப் பிடிக்கிற வித்தை, வேறொன்றுமில்லை.

3

மெரினாவில் கண்ட கண்ட கூட்டம் வரும், இதுதான் குடும்பத்தோடு வருகிற இடம் என்று வயிரவன் காரில் விளக்கிக்கொண்டே வந்தார். இறங்கியதும் மணலில் ஜமுக்காளத்தை விரித்தார்கள். விரித்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஏனென்றால் கார் அந்தப் பக்கம் நின்றது. காரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முந்நூறு மைல் கடந்து வந்து அம்பாசிடரை வேடிக்கை பார்த்தார்கள். முறுக்கு டின் திறந்தது.

“நாகு, இங்கனயே இருந்துக்கிறியா? தெனம் குதிரை, தெனம் பலூன்” என்றார் வயிரவன்.

“ஆத்தாவும் இருக்குமா?”

“இந்தா, இனிமே இவுகதான் ஒனக்கு ஆத்தா.” தேனம்மையைக் காட்டினார். ஆண்கள் சிரித்தார்கள். (உதவி ஆசிரியர் கவனிக்க: சிரிப்பு ஒன்று.)

பையன் நாச்சியம்மையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“மொதல்ல அப்புடித்தாண்ணே இருப்பான். ரெண்டு நாள்ல சரியாப் போகும்” என்றார் பெற்ற தகப்பன். சந்தையில் கன்றுக்குட்டி விற்கிறவனும் இதையேதான் சொல்வான்.

4

இந்த இடத்தில் தேனம்மையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வைரத்தோடு, பட்டு, உதட்டில் ஏளனம். முத்தழகை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன்.

“ஏங்க, அந்த ஆச்சியப் போயி சூனியக்காரி மாதிரி எழுதி வச்சிருக்கீக? பிள்ளை இல்லாத வீட்டுல ஊர் வாயெல்லாம் அவுக மேலதான விழுகுது?”

“அப்ப யாரத்தான் கெட்டவங்களாக் காட்டுறது?”

“ஒக்காந்து முறுக்குத் தின்ன ரெண்டு ஆம்பளைக இல்லையா? நல்லாருக்கு ஒங்க லட்சணம்! சரி, நாச்சி ஆச்சி எங்க? கதையில ஒரு வார்த்தை பேசலையே.”

“அந்த இடம் வரைக்கும் அவங்க பேசலைன்னு நீதானடி சொன்னே?”

“பேசல. ஏன்னா யாரும் கேக்கல. அந்த ஆம்பளைகளும் கேக்கல, எழுதுற நீங்களுங் கேக்கல.”

பக்கத்தைக் கிழித்தேன். நல்ல பக்கம். எரிச்சலாகத்தான் இருந்தது.

5

இனி என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பேரலை வரும், நாகப்பன் “ஆத்தா!” என்று கத்துவான், இரண்டு பெண்களும் ஓடுவார்கள், அவன் யார் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான் என்பதுதான் முடிவு. தூ! அன்றைக்குக் கடல் கணுக்கால்கூட நனைக்கவில்லை.

நடந்தது இது. குதிரைச் சவாரி முடிந்து வந்து ஜமுக்காளத்துக்குப் பின்னால் நின்றிருந்த பெரியவன் சொக்கு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். பிள்ளைகளுக்குக் காது இல்லை என்பது பெரியவர்களின் நம்பிக்கை. அவன் வயிரவன் முன்னால் வந்து நின்றான்.

“பெரியப்பச்சி, நான் வாரேன். அவன் வேணாம். அவன் ராத்திரியில அழுவான்.”

(தம்பி மேல் பாசமா, குதிரை மேல் ஆசையா? தெரியாது. ஒன்பது வயதில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.)

ஆண்கள் மறுபடி சிரித்தார்கள். சிரிப்பு இரண்டு, கணக்குத் தீர்ந்தது. “தலப்பிள்ளையக் குடுக்குறதில்லடா, அங்குட்டுப் போயி வெளையாடு” என்றார் சாத்தப்பன்.

தேனம்மை சிரிக்கவில்லை. நகர்ந்து நாச்சியம்மையின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“நாச்சி, வழக்கத்த விடு, அத நான் பேசிக்கிறேன். இத்தன நாளா ஒங்கிட்ட யாரும் கேக்கல. நானுங் கேக்கல, எம்புத்தி அப்புடி. இப்பக் கேக்குறேன். பெரியவனா, சின்னவனா? ரெண்டு பேரும் இல்லேன்னாலும் சொல்லிப்புடு, இந்தக் கார்லயே ஸ்டேஷனுக்கு அனுப்பி வைக்கிறேன்.”

சாத்தப்பன் கையில் முறுக்கு அப்படியே நின்றது. மூன்றாவதைச் சொன்னால் அவர் உத்தியோகம் போகும். அது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு பிள்ளைகளும் ஆத்தா முகத்தைப் பார்த்தார்கள். நாச்சியம்மை வாயைத் திறந்து,

6

இங்கே நிறுத்துகிறேன். அவள் சொன்னது எனக்குத் தெரியும், முத்தழகு சொல்லிவிட்டாள். எழுத மாட்டேன்.

எழுதினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதும் தெரியும். பெரியவன் என்றால் ‘என்ன தியாகம்’ என்பீர்கள். சின்னவன் என்றால் ‘பாவி, பாலகனை’ என்பீர்கள். இருவருமில்லை என்றால் வீரத்தாய் என்று கை தட்டிவிட்டு அடுத்த பக்கத்தில் சமையல் குறிப்புப் படிப்பீர்கள். மறுநாள் அந்த வீட்டில் உலை வைக்க நீங்களா அரிசி அனுப்பப் போகிறீர்கள்?

உதவி ஆசிரியர் வேண்டுமானால் அந்தச் சூரியனை எங்கேயாவது மறைய வைத்துக்கொள்ளட்டும்.

முடிவு கட்டாயம் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள், இந்நேரம் எங்கேயோ சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். கூப்பிட்டு எதிரே நிறுத்துங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டே, இரண்டில் ஒருவன் பெயரைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வாருங்கள், நாச்சியம்மை செய்தது சரியா தப்பா என்று அப்புறம் பேசலாம்.