பதிவறையில் ஒரு தலைக்கவசம்

தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்தின் இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் தொப்பியார். எந்த ஆலைக்குச் சோதனைக்குப் போனாலும் காரை விட்டு இறங்கும்போதே வெள்ளைத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார். அந்தப் படங்கள் நடைவழிச் சுவர் முழுக்கத் தொங்கின. கடைசிப் படத்துக்குப் பக்கத்துக் கதவுதான் பதிவறை. அதன் கூரையோ தும்மினால் உதிரும்.

பதிவறையைப் பார்த்துக்கொண்டவளுக்குக் கூரையைக் கண்டால் பயம், தொப்பியாரைக் கண்டால் குமட்டல். ஊருக்கு உபதேசம் செய்கிற ஆள் சொந்த ஓட்டையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். போன மாதம் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்து பியூனின் மண்டை பிளந்தது. மனிதர் இன்னும் கட்டோடு வீட்டில் கிடக்கிறார். அடுத்தது தன் மண்டைதான் என்று பயந்து, கூரையைச் சரிசெய்யச் சொல்லி அவள் தொப்பியாரிடம் போய்க் கேட்டாள்.

"அவன் பராக்குப் பாத்துக்கிட்டு நின்னிருப்பான்," என்றார் தொப்பியார். "அதோட, சட்டமெல்லாம் தனியார் ஆலைக்குத்தாம்மா. நாம அரசாங்கம். நமக்கு இது பொருந்தாது."

"நாம அரசாங்கம்னு கூரைக்குத் தெரியுமா சார்?"

அவர் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடிக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் மாமியார் அவள் தலையிலிருந்த காரைத் தூளைத் தட்டிவிட்டாள். "நீ வேலைக்குப் போறியா, போருக்குப் போறியா? என் பிள்ளையைத்தான் பறிகொடுத்தாச்சு. உனக்கும் ஒண்ணு ஆச்சுன்னா இந்த ரெண்டு பொண்ணுங்களை வச்சுக்கிட்டு நான் எங்கடி போவேன்?"

மறுநாள் காலை, அலுவலக வாசலில் காட்சிக்கு வைத்திருந்த மஞ்சள் தலைக்கவசத்தை எடுத்து அவள் மாட்டிக்கொண்டாள். அப்படியே பதிவறையில் போய் உட்கார்ந்தாள்.

முதலில் வந்தவர் மர அறுவை மில் முதலாளி. அறுவை வாளுக்கு மூடி இல்லை என்று அவர் மில்லைத் தொப்பியார் பூட்டியிருந்தார். இப்போது மூடி போட்டாயிற்று, திறக்க உத்தரவு வேண்டும்.

"என்னம்மா, உள்ள கட்டற வேலை நடக்குதா?"

"இல்லைங்க, இடியற வேலை."

அவர் சிரித்த சிரிப்பு தொப்பியார் அறை வரைக்கும் எட்டியது. தொப்பியார் வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் ஓடுகிறவர் போல ஓடிவந்தார். நிலைப்படிக்கு வெளியே டக்கென்று நின்றார்.

"கழட்டும்மா அதை! ஆபீஸ் மானம் போகுது!"

"உள்ள வந்து சொல்லுங்க சார். காது சரியா கேக்கல."

தொப்பியார் வரவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்தார். "சரி சரி, இவரோட ஃபைலை எடு."

"அது கடைசி அலமாரியில இருக்கு. அதுக்கு மேலதான் காரை தொங்குது. எனக்கு ரெண்டு பொண்ணுங்க சார், நான் போகமாட்டேன். நீங்களே வந்து எடுத்துக்கங்க."

முதலாளி கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். போகாவிட்டால் மானம் போகும், போனால் மண்டை போகும். தொப்பியாரின் சொந்தத் தலைக்கவசம் காரில் இருந்தது. அரசாங்கக் காரோ அவர் சம்சாரத்தை அழைத்துவரக் கடைத்தெருவுக்குப் போயிருந்தது. அவர் கண் அவள் தலைமேல் போய் நின்றது. கையை நீட்டினார், குரலைத் தாழ்த்தினார்.

"அதைக் கொஞ்சம் குடும்மா."

அவளுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. இந்த ஆளுக்கா இத்தனை வருஷம் எழுந்து நின்று வணக்கம் சொன்னோம் என்று அருவருப்பாக இருந்தது.

"எதுக்கு சார்? நமக்குத்தான் இது பொருந்தாதே."

முதலாளி மெதுவாகக் கேட்டார்: "ஒரு மூடி இல்லைன்னு என் மில்லைப் பூட்டினீங்களே, இதை எப்ப சார் பூட்டப் போறீங்க?"

அவள் எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பதிவறைக் கதவை இழுத்துப் பூட்டினாள். தலைக்கவசம் கேட்ட கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. சாவியை அதில் வைத்தாள்.