பதினோரு வருஷம் சுற்றாத விசிறி

வரைவாளரிடம் மூன்று விக் இருந்தன. ஒன்று நேற்றுத்தான் முடி வெட்டியது போல இருக்கும். இரண்டாவது, வெட்டிப் பதினைந்து நாள் ஆனது போல. மூன்றாவது காதை மூடிக்கொண்டு, இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்கிற நிலையில் இருக்கும். பத்துப் பத்து நாளாக மூன்றையும் முறை மாற்றி வைத்துக்கொள்வார். மூன்றாவதன் கடைசி நாளில் பின்கழுத்தைத் தடவியபடி, "நாளைக்கு எப்படியாவது முடி வெட்டிக்கணும்" என்று ஆபீசில் நாலு பேர் காதில் விழும்படி சொல்வார். மறுநாள் முதல் விக்கோடு வந்து நிற்பார். "முடி வெட்டிட்டீங்க போல, நல்லா இருக்கு" என்று பதிவறை அக்கா சொல்வார். "கொஞ்சம் ஒட்ட வெட்டிட்டான்" என்று இவர் சலித்துக்கொள்வார். மாதம் தவறாமல் இந்த நாடகம் நடந்தது.

வீட்டில் அவர் மனைவி அந்த மூன்றையும் முடி நீளத்தை வைத்துப் பெரியவன், நடுவுலவன், சின்னவன் என்றுதான் கூப்பிடுவாள். "சின்னவனை அலசிப் போட்டிருக்கேன், இன்னும் காயல. இன்னைக்கு நடுவுலவனைக் கூட்டிட்டுப் போங்க" என்பாள். "அதெப்படி, நேத்துத்தான் முடி வெட்டியிருக்கேன், ஒரே ராத்திரியில வளர்ந்துடுமா?" என்று இவர் பதறுவார். ஈரம் காயாத சின்னவனையே தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிய நாட்களும் உண்டு.

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் அவர் கதையைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். இருபத்தைந்து வயதில் புழுவெட்டு வந்து, மூன்றே மாதத்தில் தலையில் ஒரு முடி மிச்சமில்லாமல் போனது. அப்போது வேறு ஓர் ஆபீசில் இருந்தார். அங்கே ஒருவன், காலையில் வேலை தொடங்குமுன் அவர் தலையைத் தடவிவிட்டு உட்கார்ந்தான். அன்றைக்கு அவனுக்கு ஏதோ நல்லது நடந்துவிட்டது. மறுநாள் இரண்டு பேர் தடவினார்கள். ஒரு வாரத்தில் அது வழக்கமாகிவிட்டது. வரிசையில் நின்று தடவினார்கள். இவரும் தலையைக் குனிந்து காட்டிச் சிரித்தார். ஏழு மாதம் சிரித்தார். அவர்களை விட, அப்படிச் சிரித்த தன்னைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. ஒருநாள் காலை பஸ் நிறுத்தம் வரை போனவர், ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அந்த வேலை அத்தோடு போயிற்று.

அதற்குப் பிறகு விக்கோடு வந்து சேர்ந்த இடம்தான் இந்தத் தண்ணீர் வாரியத்தின் வரைபடப் பிரிவு. ஊருக்கு அடியில் எந்தக் குழாய் எந்தத் தெருவில் நுழைந்து எங்கே வளைகிறது, எந்த மூலையில் வால்வு இருக்கிறது என்று காகிதத்தில் கோடு போட்டு வைக்கிற இடம். புதைந்து கிடப்பதை எல்லோருக்கும் தெரியும்படி வரைவதுதான் அவர் வேலை. தன் விஷயத்தில் மட்டும் மனிதர் நேர்மாறு.

ஒரே நீள அறை. உள்ளே மூன்று பேர். ஜன்னலை ஒட்டி, வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் வரைவாளரின் பெரிய சாய்வு மேசை. அது தரையோடு முடுக்கப்பட்டது, நகர்த்த முடியாது. அதற்கு அடுத்து, பழைய வரைபடங்களைச் சுருட்டி வைத்த அலமாரிகளின் அடியில் பதிவறை அக்காவின் மேசை. அறையின் மறுகோடியில், கிழிந்த படங்களுக்குத் துணிநாடா ஒட்டி உயிர் கொடுப்பவர் இருந்தார். அவரைக் கோந்து என்று கூப்பிட்டால்தான் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கூரையில் இரண்டு விசிறிகள். ஒன்று கோந்துவின் தலைக்கு மேலே. ஒட்டிய பசை சுருங்காமல் காய வேண்டும் என்று அதை அவர் மெதுவாகத்தான் சுற்ற விடுவார். இன்னொன்று வரைவாளருக்கும் அக்காவுக்கும் நடுவில். அது சுற்றாது.

அவர் சேர்ந்த முதல் வாரம் அது பேயாட்டம் ஆடியது. விக்கின் முன்ஓரம் படபடவென்று தூக்க, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஐந்து நாள் உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டுவிடலாமா என்று கூட யோசித்தார். அடுத்த திங்கட்கிழமை வந்து பார்த்தால் விசிறி கெட்டுப்போயிருந்தது. கும்பிட்ட தெய்வம் கைவிடவில்லை என்று மனதுக்குள் குதித்தார். அன்றிலிருந்து பதினோரு வருஷம் அது அசையவில்லை.

வெயில் காலம் வந்தால் அக்காவைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அவருக்கு உடம்பே அடுப்பு. அதிலும் நாற்பத்தெட்டு வயதுக்கு மேல் திடீர் திடீரென்று கொதித்துப்போவார். கைக்குட்டையை நனைத்துப் பிடரியில் போட்டுக்கொண்டு, பழைய பதிவேட்டின் அட்டையைக் கிழித்து வைத்து நாள் முழுக்க விசிறிக்கொள்வார். "விசிறிக்குப் புகார் எழுதிப் பார்க்கலாமே, அக்கா" என்று வரைவாளர் வருஷத்துக்கு ஒரு தடவை ஒப்புக்குக் கேட்பார். "எழுதியாச்சு தம்பி, மேல போயிருக்கு. நம்ம ஆபீஸ் வேகம்தான் தெரியுமே" என்பார் அக்கா. அப்பாடா என்று இருக்கும் இவருக்கு. அக்கா பாவம் என்று நினைத்த அதே மூச்சில், விசிறி கெட்டதற்கு நன்றியும் சொல்லிக்கொள்வார். அதற்காக வெட்கப்படவும் செய்வார். ஆனாலும் நன்றிதான் முந்தும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த இடத்தில்தான் புது மேலதிகாரி வந்தார். முப்பது வயது கூட இருக்காது. வந்த அன்றே ஒவ்வோர் அறையாக நுழைந்து, எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று குறித்துக்கொண்டார்.

"இந்த ஃபேன் ஏன் ஓடல?"

"ரிப்பேர், மேடம்" என்றார் அக்கா.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா" என்றார் கோந்து.

"பதினோரு வருஷம்" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தது வரைவாளர்தான். நல்லவர் என்று பெயர் வாங்கும் ஆசை அவருக்கு எப்போதுமே உண்டு.

மேலதிகாரிக்கு முகம் சிவந்தது. "மனுஷங்க வேலை செய்யற இடமா இது? நாளைக்குக் காலையில எலக்ட்ரீஷியன் வருவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவும் கோந்துவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதைக் கவனிக்கிற நிலையில் வரைவாளர் இல்லை. அவர் கை தானாக விக்கின் முன்ஓரத்துக்குப் போயிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கிடங்குப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுத உட்கார்ந்தார். கிடங்கு என்பது தரைக்குக் கீழே. அங்கே விசிறியும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அங்க உங்களுக்கு என்ன வேலை?"

"குழாய் எண்ணி எழுதணும்."

"கோடு போடலன்னா உங்களுக்குச் சோறு இறங்காதே. குழாய் எண்ணப் போறீங்களா?"

"விசிறி சுத்தினா விக் நிக்காது. விக் பறந்துச்சுன்னா நான் அந்த ஆபீசுக்குள்ள மறுபடியும் காலெடுத்து வைக்க முடியாது. உனக்குப் புரியாது."

மனைவி அவருடைய வெறுந்தலையைப் பார்த்தாள். பத்து நாள் முறை முடிந்த பெரியவன் அப்போது ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தான். "புரியாம என்ன. பத்து வருஷமா இந்தத் தலையோடதான் குடும்பம் நடத்தறேன். எனக்கு ஒரு குறையும் தெரியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கோபமா அன்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான்.

மறுநாள் மாற்றல் மனுவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். எலக்ட்ரீஷியன் அவருக்கு முன்பே வந்து ஏணியைச் சாத்தியிருந்தார். மேலதிகாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். எலக்ட்ரீஷியன் விசிறிக்கு மேலிருந்த கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கீழே பார்த்துச் சிரித்தார்.

"ஃபேன்ல ஒரு குறையும் இல்ல மேடம். யாரோ ஒயரைக் கழட்டி, முனையைச் சுத்தி வெச்சிருக்காங்க. அதுவும் கரண்ட் டேப்பு இல்ல. ஏதோ துணி மாதிரி இருக்கு."

பிரித்தெடுத்துக் கீழே போட்டார். பழுப்பேறிய துணிநாடா. அந்தக் கட்டடத்திலேயே அந்த நாடாவை வைத்து வேலை பார்ப்பவர் ஒரே ஒருவர்தான். எல்லோருடைய கண்ணும் அறையின் மறுகோடிக்குப் போயிற்று. கோந்துவின் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த தூரிகையிலிருந்து பசை சொட்டிக்கொண்டிருந்தது.

"வாரியத்தோட பொருளை வேணும்னே கெடுத்து வெச்சிருக்கீங்க" என்றார் மேலதிகாரி. "இதுக்கு மெமோ குடுக்காம விட முடியாது. ஏன் செஞ்சீங்க?"

கோந்து வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து நின்றார்.

"அவரைக் கேக்காதீங்க மேடம். நான் சொல்லித்தான் செஞ்சாரு. ஏணியைக்கூட நான்தான் பிடிச்சேன். மெமோவை எனக்குக் குடுங்க."

"நீங்களா? எதுக்கு?"

"எனக்குக் காத்து ஆகாது. தலைவலி வந்துடும்."

சொல்லும்போதே நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. பிடரியில் ஈரக் கைக்குட்டை. கையில் அட்டை. பொய் சொல்லத் தெரியாத மனுஷி, சொன்ன ஒரு பொய்யையும் இப்படிச் சொதப்பினார். மேலதிகாரி அந்த அட்டையையே பார்த்தார்.

"உங்களுக்கு ஓய்வு பெற இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?"

"எட்டு மாசம்."

"இந்த நேரத்துல மெமோ ஏறினா உங்க பென்ஷன் ஃபைல் நகராதுன்னு தெரியும்ல? தலைவலின்னே எழுதித் தரீங்களா?"

"தரேன் மேடம்" என்று அக்கா பேனாவைத் தேடினார். வரைவாளர் பக்கம் ஒரு தடவை கூடத் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று கழுத்தை இறுக்கி வைத்திருந்தார்.

அந்தக் கழுத்தைப் பார்த்துத்தான் வரைவாளருக்கு எல்லாம் விளங்கியது. பதினோரு வருஷம். முடி வெட்டிட்டீங்க போல, நல்லா இருக்கு. புகார் எழுதியாச்சு தம்பி, மேல போயிருக்கு. எத்தனை வெயில் காலம், எத்தனை ஈரக் கைக்குட்டை. யாருக்கும் தெரியாது என்று தான் கட்டிக் காத்ததை, இந்த இரண்டு பேரும் வியர்வையில் நனைந்துகொண்டு தனக்காகப் பாதுகாத்திருக்கிறார்கள். முந்தைய ஆபீஸ் தலையைத் தடவியது. இந்த ஆபீஸ் தொடாமலே இருந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பயந்துகொண்டிருந்தோமே என்று நினைத்துக்கொண்டார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அக்கா எழுதிக் கொடுத்துவிடுவார். அவர் ரகசியம் அவரோடு இருக்கும், மனுவைக் கொடுத்துவிட்டுக் கிடங்குக்கு இறங்கிவிடலாம். பயம் அப்படித்தான் யோசனை சொன்னது. கையோ அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தலைக்குப் போய்விட்டது.

விக்கின் முன்ஓரத்தைப் பிடித்து, வீட்டு வாசலில் கழற்றுவது போலவே கழற்றினார். வைக்க இடம் தேடினார். ஸ்டாண்டு இல்லை. சாய்வு மேசையின் மேல் விரித்து, பறக்காமல் இருக்க வரைபடத்தின் மேலிருந்த இரும்பு எடைக்கட்டியை எடுத்து அதன் மேல் வைத்தார்.

"அக்காவுக்குத் தலைவலி எல்லாம் இல்ல மேடம்" என்றார். "இதுதான் காரணம். மெமோ எனக்கு வர வேண்டியது."

ஏணி மேல் இருந்த எலக்ட்ரீஷியன் என்ன செய்வது என்று தெரியாமல் திருப்புளியைச் சட்டையில் துடைத்தார். மேலதிகாரி வரைவாளரின் தலையைப் பார்த்தார், பிறகு அக்காவின் அட்டையைப் பார்த்தார்.

"மெமோ இல்ல. ஆனா எனக்கு எழுத்துல ஒரு விளக்கம் வேணும். ஃபைலுக்கு" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார். வாசலில் நின்று, "ஒயரை மாட்டிடுங்க" என்றார்.

எலக்ட்ரீஷியன் மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார். வரைவாளரே போய்ச் சுவிட்சைப் போட்டார். விசிறி ஒரு முனகலோடு அசைந்து, பதினோரு வருஷத் தூசியை மூன்று பேர் மேலும் சரிசமமாகக் கொட்டிவிட்டு, வேகம் பிடித்தது. மண்டையில் காற்று பட்டது. எடைக்கட்டிக்கு அடியில் சின்னவன் நாலாபக்கமும் துடித்தான். கோந்துவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வரைவாளரும் சிரித்தார். குனிந்து காட்டாமல் சிரித்தார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும், அக்கா?"

"முதல் நாளே. ஒரு கையால தலையைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையால கோடு போட்டீங்க. கோடு நேராத்தான் இருந்துச்சு. எங்களாலதான் பார்க்க முடியல."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தோம். இவ்வளவு நாள் ஆகும்னு யாரு கண்டா?"

வரைவாளருக்குக் கண் கலங்கியது. பையில் இருந்த மாற்றல் மனுவை எடுத்து நாலாகக் கிழித்தார். ஏதாவது சொல்ல வேண்டும், நன்றி என்றாவது சொல்ல வேண்டும் என்று அக்காவின் மேசைப் பக்கம் போய் நின்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, பிடரியிலிருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டு, முகத்தை விசிறிக்கு நேராகத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தம்பி" என்றார் கண்ணைத் திறக்காமலே. "எட்டு மாசம்தான் இருக்கு. காத்து வரட்டும்."