சுவர் நல்ல சுவர்தான்

பழைய தெருவில் அந்த வீடு மட்டும் புதிது. இரண்டு பக்கமும் காரை உதிர்ந்த வீடுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்க, நடுவில் இது பெயிண்டும் பளபளப்புமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. கட்டிய புண்ணியவான் இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக இடதுபக்கம் தனிச்சுவர் எழுப்பாமல், பக்கத்து வீட்டுப் பழைய சுவரையே தன் சுவராக்கிப் பூசி மெழுகியிருந்தார். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. தரகரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

வீடு பார்க்க வந்தவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். கையில் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று வைத்திருந்தார். வேலையில் இருந்த காலத்தில் அதன் முனையை மோட்டாரின் மேல் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பார். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எங்கே எண்ணெய் வற்றியிருக்கிறது என்று மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவார். பாதியைக் கேட்டு மீதியை ஊகிப்பதுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம். ஊகம் ஒரு நாளும் தன்னை ஏமாற்றியதில்லை என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வார். "மெஷின் பேசறதெல்லாம் கேக்குது, நான் பேசறது மட்டும் உங்க காதுல விழாது" என்பாள் அவள்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு, உயரமான கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் அவர் மட்டும் மிஞ்சினார். அங்கே சுவர் என்றால் சுவர், அப்படி ஒரு சுவர். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்களா, அழுகிறார்களா, ஒன்றும் தெரியாது. ஒருமுறை வெளியூரிலிருந்து மகள் போனில் கூப்பிட்டபோது, பதில் சொல்ல வாயெடுத்தால் குரல் வரவில்லை. "சளியாப்பா?" என்று கேட்டாள். சளியெல்லாம் இல்லை. கடைசியாக யாரிடம் பேசினோம் என்று யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை. அன்றைக்குப் பிடித்த பயத்தில்தான் அந்த இடத்தை விற்றுவிட்டு வேறு வீடு தேட ஆரம்பித்தார்.

"புது வீடாப் பாருங்கப்பா. சத்தம் கித்தம் இல்லாம நிம்மதியா இருக்கணும். அமையலன்னா நான் பாத்து வச்ச முதியோர் இல்லத்துக்கே சொல்லிடறேன்" என்றாள் மகள். அவரும் சரி சரி என்று தலையாட்டினார். அவர் தேடியதோ நேர்மாறானதை. பக்கத்தில் ஒரு மனுஷர் வாழும் சத்தம் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஊரே சத்தம் வேண்டாம் என்று பணத்தைக் கொட்டும்போது, வேண்டும் என்று ஒருவர் கேட்டால் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். பார்த்த வீடுகளில் எல்லாம் ஸ்க்ரூடிரைவர் வாய் திறக்கவில்லை. காலி செய்ய வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. இதுவும் தட்டிப்போனால் முதியோர் இல்லம்தான்.

கீழே எல்லாவற்றையும் ஒழுங்காகவே பார்த்தார். குழாய்களைத் திறந்து மூடினார். சிங்க்குக்கு அடியில் கைவிட்டு ஈரம் தடவிப் பார்த்தார். தரையைத் தட்டி, இரண்டு டைல் உள்ளே பொள்ளலாக இருப்பதைக் கண்டுபிடித்தார். தரகர் அசடு வழிந்தார். பிறகு மாடியில் இடதுபக்க அறைக்குள் போனார்கள்.

"என் கண்ணாடிய எங்க வச்சே?" என்றது சுவர்.

தரகர் பாய்ந்துபோய் ஃபேனைப் போட்டார். "காத்த பாத்தீங்களா சார்? இந்தத் தெருவுலயே இந்த ரூமுக்குத்தான் இப்படி!"

"சரி, நானே தேடிக்கறேன். கோவப்படாத" என்றது சுவர்.

தரகருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்தார், தடாலென்று மூடினார், கொக்கியின் தரத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். இந்த மனிதர் மறைக்கப் படாதபாடு படுவது எதையோ, அதைத்தான் வந்தவர் தவம் கிடந்து தேடிக்கொண்டிருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் கடைசியில், "ஃபேன நிறுத்திட்டு, நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். இந்த வியாபாரமும் ஊற்றிக்கொண்டது என்று முகத்தைத் தொங்கப் போட்டபடி தரகர் படியிறங்கினார்.

லிஃப்ட்காரர் வெறுந்தரையில் உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவர் முனையைச் சுவரில் வைத்துப் பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. துணிய எடுத்துடட்டுமா?" ஓர் இடைவெளி. "சரி, இருக்கட்டும். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." மறுபடியும் இடைவெளி. "உப்பு கூடிப்போச்சுதான், ஒத்துக்கறேன். அதுக்காக இப்படியா பாக்கறது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயதான கணவன், மனைவி. அந்த அம்மாவுக்கு மெல்லிய குரல் போலிருக்கிறது, செங்கல்லைத் தாண்டி வரவில்லை. ஆனால் இடைவெளிகள் கச்சிதமாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பதில் அடங்கும். மீதியை ஊகித்துக்கொள்ள அவருக்குச் சொல்லித்தரவா வேண்டும்? மனுஷர் வசமாக வாங்கிக் கட்டிக்கொள்கிறார் என்று நினைத்தபோது, அவருக்குத் தன் மனைவியின் ஏச்செல்லாம் ஞாபகம் வந்தது. இந்த வீடுதான். டைலாவது ஒன்றாவது. இங்கே இருந்தால் செத்துப்போகும்வரை உயிரோடு இருக்கலாம் என்று தோன்றியது.

முன்பணம் கொடுக்குமுன் அக்கம்பக்கத்தைப் பார்த்துவிடுவது முறை என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். ஈரக்கையைத் துடைத்தபடி ஒரு பெரியவர் திறந்தார். காணாமல்போன கண்ணாடி அவர் உச்சந்தலையில் இருந்தது.

"பக்கத்து வீட்ட பாக்க வந்தேங்க. உங்களையும் பாத்து ஒரு வார்த்த பேசிடலாம்னு."

"நல்லதுங்க. எத்தன பேரு வரப்போறீங்க?"

"நான் ஒருத்தன்தான். வீட்டுக்காரி போயிட்டா. பொண்ணு வெளியூர்ல."

"அடடா."

"அம்மாவக் கூப்பிடுங்க, அவங்ககிட்டயும் சொல்லிட்டுப் போயிடறேன்."

"எந்த அம்மாங்க?"

"உங்க வீட்ல..."

"அவ போயி ரொம்ப வருஷமாச்சுங்களே. இங்க நானும் ஒருத்தன்தான்."

பெரியவரின் தோளுக்குப் பின்னால் மேசை தெரிந்தது. ஒரு நாற்காலி, ஒரு தட்டு, கழுவிக் கவிழ்த்த ஒரு டம்ளர். லிஃப்ட்காரர் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். அதற்குள் பெரியவரின் முகம் மாறிவிட்டது.

"ஏங்க அப்படிக் கேட்டீங்க? அந்தப் பக்கம் எதாவது காதுல விழுந்துச்சா?" குரல் இறங்கிப்போயிற்று. "முன்னாடி இருந்தவங்களும் வந்த வேகத்துல காலி பண்ணிட்டாங்க. என்னாலயோன்னு ஒரு சந்தேகம். விழுந்திருந்தா சொல்லிடுங்க. நிறுத்திடறேன். பழக்கம்தானே, விட்டுடலாம்."

கையும் களவுமாகப் பிடிபட்ட பிள்ளை மாதிரி அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்க்க லிஃப்ட்காரருக்குச் சகிக்கவில்லை.

"ஒன்னும் விழலைங்க" என்றார். ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிக் காட்டினார். "இத வச்சே கேட்டுப் பாத்தேன். சுவர் நல்ல சுவர்தான், தொழில்ல இருந்தவன் சொல்றேன். வீடுன்னா ஒரு அம்மா இருப்பாங்களேன்னு பொதுவாக் கேட்டேன், அவ்வளவுதான்."

பெரியவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

வாசலில் தரகர் காத்திருந்தார். டீ அவர் மனசாட்சியைக் கிளப்பிவிட்டிருக்க வேண்டும். "சார், உண்மைய சொல்லிடறேன். அந்தப் பெரியவரு தனக்குத்தானே பேசுவாரு. ஓனர்கிட்ட சொல்லி, அந்தச் சுவருக்கு சத்தம் வராம பலகை அடிச்சுக் குடுத்துடறோம்."

"அந்தச் சுவர் மேல யாரும் கை வைக்கக் கூடாது" என்றார் இவர். தரகர் வாயைப் பிளந்தார். "வீடு எனக்குத்தான். மேல இன்னொரு தடவ பாத்துட்டு வந்துடறேன்."

மாடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டார். சத்தமே இல்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் போய்க் கதவைத் தட்டினோமே, கெடுத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார். பிறகு அந்தக் குரல் மெதுவாக வந்தது.

"பக்கத்து வீட்டுக்கு ஒருத்தர் வர்றார். நல்ல மனுஷனாத்தான் தெரியுது." இடைவெளி. "இல்லயாம், ஒன்னும் கேக்கலயாம். நல்ல சுவராம்." இந்த இடைவெளி நீண்டது. "தனியாத்தான் இருக்காராம். பேசறதுக்குக்கூட ஆள் இல்ல போல. பாவம்."

பதில் சொல்ல இவர் வாயைத் திறந்தேவிட்டார். சட்டென்று கையால் பொத்திக்கொண்டார். சுவரின் இந்தப் பக்கம் அவர் தும்மினாலும் அந்தப் பக்கம் கேட்குமே. கேட்டால், அங்கே பேச்சு நின்றுவிடும்.

அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. பதறிப்போய் அதை அமுக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்து, பூனைபோல் படியிறங்கித் தெருமுனைவரை போய்த்தான் மகளைத் திரும்பக் கூப்பிட்டார்.

"வீடு எப்படிப்பா? சத்தம் ஒன்னும் இல்லையே?"

"ஒன்னும் இல்லம்மா."

"அப்புறம் ஏன்பா குசுகுசுன்னு பேசறீங்க?"